போடு, கட்டு, மாட்டு, வை: உடுப்பதற்கும் கழற்றுவதற்கும் ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

திருப்பூரில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சன்டைசர்கள், அதாவது வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிறவர்கள். நூல் கவுன்ட்டிலிருந்து வாஷ் கேர் லேபிள் வரைக்கும் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவார்கள். "சட்டை போட்டுக்கிட்டு வர்றேன்" என்பதை மட்டும் சொல்லச் சொன்னால் திணறுவார்கள். வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

"ஷூ போட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு நிமிஷம்" என்பதற்கு "ஐ ஆம் வேரிங் மை ஷூஸ்" என்று சொன்னால் என்ன தப்பு?

என் மாணவர் ஒருவருக்கு நடந்தது. வெளிநாட்டு பையர் (துணி வாங்க வந்த வாடிக்கையாளர்) கீழே காரில் காத்திருக்கிறார். "எங்கே இருக்கிறீர்கள்?" என்று போன் வருகிறது. நம்மவர் அவசர அவசரமாக, "வெயிட் சார், ஐ ஆம் வேரிங் மை ஷூஸ்" என்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாகப் பதில்: "குட். ஸோ ஆம் ஐ."

பையர் காதில் விழுந்தது "நான் காலில் ஷூவோடு இருக்கிறேன்" என்பதுதான். அவரும் அப்படித்தானே இருக்கிறார். சொல்லியிருக்க வேண்டியது "ஐ ஆம் புட்டிங் மை ஷூஸ் ஆன்".

தமிழில் நமக்கு ஒரே வினை போதும், வாலை மாற்றினால் வேலை முடிந்தது. போட்டுக்கிட்டு இருக்கேன் என்றால் வேலை நடக்கிறது. போட்டிருக்கேன் என்றால் வேலை முடிந்து ஷூ காலில் இருக்கிறது. ஆங்கிலம் வாலை மாற்றுவதில்லை, சொல்லையே மாற்றிவிடுகிறது. போடுகிற அந்தச் சில நொடிக்கு "புட் ஆன்". போட்ட பிறகு, கழற்றும் வரைக்கும் "வேர்". நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான்.

ஒரு சிக்கல் உண்டு. "ஆறு மாசமா கண்ணாடி போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றும் சொல்வோம். வால் அதேதான், ஆனால் யாரும் ஆறு மாதமாகக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டே இருப்பதில்லை. அது பழக்கம். அதற்கு "ஐ ஹேவ் பீன் வேரிங் கிளாசஸ் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்". ஆகவே தமிழ் வாலை மட்டும் பார்த்து மொழிபெயர்க்காதீர்கள். நொடிக் கணக்கா, நாள் கணக்கா என்று பாருங்கள்.

"வேர்" துணிக்கு மட்டும்தானா?

இல்லை. பொருளுக்குப் பொருள் நாம் வினையை மாற்றுகிற இடத்தில் எல்லாம் ஆங்கிலம் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. நாம் பூ வைக்கிறோம், பொட்டு இடுகிறோம், வளையல் போடுகிறோம், ஹெல்மெட் மாட்டுகிறோம், சேலை கட்டுகிறோம், சென்ட் அடிக்கிறோம். உடம்பில் ஏறிய பிறகு அத்தனைக்கும் அவர்களுக்கு "வேர்"தான். "ஷி இஸ் வேரிங் ஜாஸ்மின் இன் ஹெர் ஹேர்." "வாட் பெர்ஃப்யூம் ஆர் யூ வேரிங்?" தாடிக்குக்கூட உண்டு: "ஹீ வேர்ஸ் எ பியர்ட்."

தமிழ் வினை அந்தப் பொருள் உடம்பில் எப்படி நிற்கிறது என்று பார்க்கிறது. சுற்றி நிற்கிறதா, தொங்குகிறதா, ஒட்டியிருக்கிறதா, செருகியிருக்கிறதா என்று. ஆங்கிலத்துக்கு அது இரண்டாம்பட்சம். ஏறிக்கொண்டிருக்கிறதா, ஏறிவிட்டதா என்பதே அதன் கவலை.

கைப்பையை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். நாம் தோளில் மாட்டிக்கொள்கிறோம். அவர்கள் அதை "கேரி" செய்கிறார்கள். குடையும் அப்படித்தான்.

இறந்தகாலம் வோர், "ஹேவ்", "ஹேட்" ஆகியவற்றோடு வருவது வோர்ன். "வேர்ட்" என்று ஒரு இறந்தகாலம் கிடையாது.

சேலை "கட்டுவது" ஆங்கிலத்தில் என்ன? "டை எ சாரி" சரியா?

நம் நாட்டு ஆங்கிலத்தில் "டை எ சாரி" சகஜம், யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் வெளியாள் காதில் "டை" என்றால் முடிச்சு. சேலையில் முடிச்சு எங்கே இருக்கிறது? பாவாடை நாடாவில்தான் இருக்கிறது. சேலைக்கு இன்று பரவலாக எழுதப்படுவது "டிரேப்". துணியைத் தொங்கும்படி மடிப்போடு போர்த்துவது என்று பொருள். திரைச்சீலைக்கும் அதே சொல். கட்டி முடித்த பிறகு வழக்கம்போல "வேர்": "ஷி வோர் எ காஞ்சிபுரம் சாரி."

பையர் ஒருவரின் மனைவிக்கு வீட்டுக் கல்யாணத்தில் சேலை கட்டிவிட வேண்டியிருந்தது என்று ஒரு மாணவி வந்து கேட்டார். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன சொல்வது என்று பலகையில் எழுதிப் போட்டோம். இதைவிட நல்ல பாடம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. அதை அப்படியே தருகிறேன்.

முதலில் பாவாடை, பிளவுஸ்: "புட் ஆன்". பாவாடை நாடாவை இறுக்கி முடிச்சுப் போடுவது: "டை". இங்கே நிஜமாகவே முடிச்சு இருப்பதால் இந்தச் சொல்லுக்கு உரிமை உண்டு. பிளவுஸ் கொக்கியை மாட்டுவது: "ஹுக்" அல்லது "டூ அப் த ஹுக்ஸ்". பிறகு ஐந்தரை மீட்டர் சேலையின் உள்தலைப்பை வலது இடுப்பில் செருகுவது: "டக் இன்". இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று: "ராப் இட் அரவுண்ட்". முந்தானைக்கு வேண்டிய நீளத்தை எடுத்து இடது தோளில் போடுவது: "த்ரோ இட் ஓவர் த லெஃப்ட் ஷோல்டர்". இடையில் மிச்சம் நிற்கும் துணியைக் கொசுவம் பிடிப்பது: "மேக் பிளீட்ஸ்" அல்லது வெறுமனே "பிளீட்". ஆறோ ஏழோ மடிப்பைச் சேர்த்துப் பிடித்துத் தொப்புளுக்கு நேரே செருகுவது: மறுபடியும் "டக் இன்". கடைசியில் தோளில் ஊக்கு: "பின்".

நமக்குக் "கட்டு" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிற காரியம். அவர்களுக்கு ஏழெட்டு வினை தேவைப்பட்டது. "ஆங்கிலத்தில் சொல் குறைவு" என்று யாராவது சொன்னால் நான் நம்பாததற்கு இதுதான் காரணம். குறைவும் இல்லை, கூடவும் இல்லை. அவர்கள் சேர்த்து வைத்த இடத்தில் நாம் பிரித்திருக்கிறோம், நாம் சேர்த்து வைத்த இடத்தில் அவர்கள் பிரித்திருக்கிறார்கள்.

அப்படியானால் வாட்ச் கட்டுவது, டை கட்டுவது, தாலி கட்டுவது?

முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். டையில் முடிச்சு உண்டு, தாலியில் மூன்று முடிச்சு உண்டு, ஷூ லேஸில் உண்டு. மூன்றுக்கும் "டை". வாட்ச்சில் இல்லை, ஆகவே "புட் ஆன் யுவர் வாட்ச்". "டை யுவர் வாட்ச்" என்றால் கயிற்றால் கட்டி வைத்த வாட்ச் நினைவுக்கு வரும். பெல்ட், சீட் பெல்ட், வெல்க்ரோ வேட்டி ஆகியவற்றைப் பொருத்துவதற்கு "ஃபாஸன்". கொக்கி வைத்த பெல்ட் என்றால் "பக்கிள்" என்றும் சொல்லலாம்.

"குழந்தைக்கு டிரெஸ் போட்டுவிட்டேன்" என்பதை "ஐ மேட் ஹெர் வேர் த டிரெஸ்" என்று சொல்லலாமா?

சொல்லலாம், குழந்தை அழுது புரண்டு மாட்டேன் என்று அடம்பிடித்து, நீங்கள் அதட்டிப் போட்டுவிட்டிருந்தால். "மேட் ஹெர் வேர்" என்பதில் கட்டாயம் இருக்கிறது. பள்ளிக்கூட மீட்டிங்கில் ஒரு தாய் "ஐ மேக் ஹிம் வேர் யூனிஃபார்ம் எவ்ரி டே" என்றால், கேட்பவர் மனதில் தினமும் காலையில் ஒரு குருக்ஷேத்திரம் ஓடும்.

தமிழில் தனக்குப் போட்டால் "போட்டுக்கொள்", அடுத்தவருக்குப் போட்டால் "போட்டுவிடு". இந்த "விடு"வில் அன்பும் உதவியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தனி வால் கிடையாது. "ஐ டிரெஸ்ட் ஹெர்" என்பது முழு உடுப்புக்கும். "ஐ புட் ஹெர் ஷூஸ் ஆன் ஃபார் ஹெர்" என்பது ஒரு பொருளுக்கு. அந்த "ஃபார் ஹெர்"தான் நம் "விடு"வுக்கு மிக அருகில் வருவது.

"டிரெஸ்" பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா? தீபாவளிக்கு டிரெஸ் எடுத்தேன் என்று ஒரு ஆண் சொல்லலாமா?

ஊரில் தாராளமாகச் சொல்லலாம். லண்டனிலோ நியூயார்க்கிலோ "ஐ பாட் எ நியூ டிரெஸ்" என்று ஒரு ஆண் சொன்னால், கவுன் வாங்கியிருக்கிறார் என்றே நினைப்பார்கள். "எ டிரெஸ்" என்றால் மேலும் கீழும் ஒரே துணியாக வருகிற பெண்கள் உடை. பொதுவாகத் துணிமணி என்பதற்கு "க்ளோத்ஸ்".

வினையாக வரும்போது அதன் பின்னால் சட்டை, பேன்ட் எதுவும் வராது. "ஐ டிரெஸ்ட் எ ப்ளூ ஷர்ட்" தவறு. டிரெஸ் செய்யப்படுவது ஆள்தான், துணி இல்லை. காலையில் எழுந்து உடுத்திக்கொள்வதற்கு "கெட் டிரெஸ்ட்". "ஐ கெட் டிரெஸ்ட் அட் செவன்." நிலையைச் சொல்ல "டிரெஸ்ட் இன்": "ஹீ வாஸ் டிரெஸ்ட் இன் ஒயிட்." அங்கே "வித்" போடாதீர்கள். எழுத்துத் தேர்வில் இந்த "வித்" விழுங்கிய மதிப்பெண்ணைச் சேர்த்தால் ஒரு கட்டுச் சோறு கட்டலாம்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் நேராக்குதல், ஒழுங்குபடுத்துதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அது தெரிந்தால் பல முடிச்சு அவிழும். ஆஸ்பத்திரியில் புண்ணைத் துடைத்துக் கட்டுப்போடுவது ஏன் டிரெஸ்ஸிங்? கறிக்கடையில் இறகெடுத்துக் குடல் நீக்கிய கோழி ஏன் டிரெஸ்ட் சிக்கன்? சாலட்டில் ஊற்றுவது ஏன் டிரெஸ்ஸிங்? எல்லாம் ஒழுங்கு செய்து தயாராக்குவதுதான். அணிவகுப்பில் வரிசையை நேராக்க "ரைட் டிரெஸ்" என்று கட்டளை கொடுப்பதும் அதே வழியில் வந்தது. முதல் வாரமே ஒரு மாணவர், "அப்போ கோழிக்கு டிரெஸ்ஸைக் கழற்றிவிட்டுத்தானே சார் டிரெஸ்ட் சிக்கன்னு விக்கிறாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கழற்றுவதற்கு "ரிமூவ்" போதாதா?

போதும், ஆனால் அது போர்டில் எழுதுகிற மொழி. கோயில் வாசலில் "ரிமூவ் யுவர் ஃபுட்வேர்" என்று இருந்தால் பொருத்தம். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அதையே வாயால் சொன்னால் செக்யூரிட்டி மாதிரி இருக்கும். பேச்சில் "டேக் ஆஃப்". "ப்ளீஸ் டேக் யுவர் ஷூஸ் ஆஃப்." திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும் என்று வெளிநாட்டு நண்பருக்குச் சொல்ல நேர்ந்தால், "மென் டேக் தெயர் ஷர்ட்ஸ் ஆஃப் பிஃபோர் கோயிங் இன்".

"அன்டிரெஸ்" என்பது "டிரெஸ்" போலத்தான், ஆளுக்கு மட்டும். "அன்டிரெஸ் யுவர் ஷர்ட்" என்று ஒன்று கிடையாது. சட்டையை மட்டும் கழற்றச் சொல்ல வேண்டிய டாக்டர் "அன்டிரெஸ் ப்ளீஸ்" என்றால் நோயாளி எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விழிப்பார்.

"ஸ்ட்ரிப்" எச்சரிக்கையோடு தொட வேண்டிய சொல். முழுக்க உரிப்பது, சோதனை, அவமானம், ஆட்டம் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படுக்கை விரிப்பை உருவுவதற்குச் சொன்னால் மட்டும் சாது. பாஞ்சாலியின் துகிலுரிதலை ஆங்கிலத்தில் வழக்கமாக "டிஸ்ரோபிங்" என்று எழுதுகிறார்கள். கனமான, புத்தகச் சொல். குளிக்கப் போகும்போது சொல்வதற்கு ஆகாது.

"புட் ஆன் இட்" என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள். ஏன்?

பொருளின் பெயரைச் சொன்னால் முன்னும் பின்னும் வைக்கலாம்: "புட் ஆன் யுவர் கேப்", "புட் யுவர் கேப் ஆன்". "இட்", "தெம்" வந்துவிட்டால் நடுவில்தான்: "புட் இட் ஆன்", "டேக் தெம் ஆஃப்". இரண்டு கதவுக்கு நடுவே நுழைகிற சின்னப் பிள்ளை என்று வகுப்பில் சொல்வேன். பேன்ட், ஷார்ட்ஸ், கண்ணாடி மூன்றும் ஆங்கிலத்தில் பன்மை என்பதால் அவற்றுக்கு "தெம்".

பட்டனைக் கழற்றுவது "ஓபன் த பட்டன்" தானே?

இல்லை. "அன்பட்டன்", "அன்டூ". ஜிப்புக்கு "அன்ஜிப்". லேஸ் அவிழ்க்க "அன்டை". போடுவதற்குப் பொதுவாக "டூ அப்": "டூ அப் யுவர் பட்டன்ஸ்". "டேக் ஆஃப் த பட்டன்" என்றால் நூலோடு பட்டனையே பிய்த்தெடுப்பது. இதைத் திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும், சாம்பிள் துணியைப் பற்றி எழுதும் கமென்ட்டில் அர்த்தமே மாறிவிடும்.

"இன் பண்ணு" என்பதற்கு?

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் கத்துகிற "இன் பண்ணுடா" ஆங்கிலத்தில் "டக் யுவர் ஷர்ட் இன்". சட்டைக் கையை மடக்குவது "ரோல் அப் யுவர் ஸ்லீவ்ஸ்".

வேட்டியை மடித்துக் கட்டுவதற்கு "ஹிட்ச் அப்" நெருங்கி வரும்: "ஹீ ஹிட்ச்ட் அப் ஹிஸ் வேட்டி அண்ட் ஸ்டெப்ட் இன்டு த மட்". எதிரே பெரியவர் வருகிறார், மடித்துக் கட்டியதைச் சட்டென்று இறக்கிவிடுகிறோமே, அது "லெட் இட் டவுன்". வினை கிடைத்துவிடும். அந்த இறக்கலில் இருக்கிற மரியாதைக்கு இன்னொரு வாக்கியம் எழுதித்தான் ஆக வேண்டும்.

துணிக்கடையில் "போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்க?

"கேன் ஐ ட்ரை திஸ் ஆன்?" நம் "பார்" என்ற துணைவினை செய்கிற வேலையை அங்கே "ட்ரை" செய்கிறது. "வேர் அண்ட் சீ" வேண்டாம். நம் கடைகளின் "டிரையல் ரூம்" அங்கே "ஃபிட்டிங் ரூம்".

போட்டுப் பார்த்த பிறகு அளவு சரியாக இருந்தால் "இட் ஃபிட்ஸ் மீ". உங்களுக்கு எடுப்பாக இருந்தால் "இட் சூட்ஸ் மீ". இரண்டிலும் "டு" வராது. பேன்ட்டுக்கும் சட்டைக்கும் பொருத்தம் என்றால் "மேட்ச்" அல்லது "கோ வித்". ஒரு துணி ஃபிட் ஆகியும் சூட் ஆகாமல் போகலாம். எனக்கு மஞ்சள் சட்டை அப்படி.

துணி மாற்றுவது?

"கெட் சேஞ்ச்ட்", அல்லது "சேஞ்ச்" மட்டும். "ஐ வில் கெட் சேஞ்ச்ட் அண்ட் கம்." "சேஞ்ச் மை டிரெஸ்" என்றால் பழைய கவுன் பிரச்சினைதான்.

"ஸ்லிப் ஆன்", "த்ரோ ஆன்", "புல் ஆன்" எல்லாம் ஒன்றுதானா?

வேலை ஒன்று, கை அசைவு வேறு. கதை எழுத நினைப்பவர்கள் இவற்றைப் பழகிக்கொள்ள வேண்டும். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு கிளம்பினால் "ஸ்லிப் ஆன்". கொடியில் கிடந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினால் "த்ரோ ஆன்". சாக்ஸை இழுத்து ஏற்றினால் "புல் ஆன்". டி-ஷர்ட்டைத் தலைவழியாக இறக்கினால் "புல் இட் ஓவர் யுவர் ஹெட்". மழையில் நனைந்து உடம்போடு ஒட்டிய சட்டையைக் கழற்றுவது "பீல் ஆஃப்", வாழைப்பழத் தோலுக்கு வருகிற அதே சொல். வேலை முடிந்து வந்து வாசலிலேயே ஷூவை உதறிவிட்டால் "கிக் ஆஃப்".

"க்ளாட்" என்று செய்தியில் வருகிறதே?

உடுத்திய என்று பொருள். பேச்சில் அதிகம் வராது, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு எழுத்தில் வரும்: "சாரி க்ளாட்", "தோத்தி க்ளாட்". 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு அப்படித் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு சட்டமே இயற்றியது. அந்த நாள் ஆங்கிலச் செய்திகளைப் புரட்டியிருந்தால் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள்.

"டான்", "டாஃப்" என்றால் என்ன? கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரியில் கேட்டது.

"டூ ஆன்" சுருங்கி "டான்", "டூ ஆஃப்" சுருங்கி "டாஃப்". போடு, கழற்று, அவ்வளவுதான். பழைய சொற்கள். மரியாதைக்குத் தொப்பியைத் தூக்குவதை "டாஃப்" என்று எழுதுவார்கள். நோய்த்தொற்றுப் பாதுகாப்பு உடையைப் போடுகிற முறைக்கும் கழற்றுகிற முறைக்கும் மருத்துவமனைகளில் "டானிங்", "டாஃபிங்" என்றே பெயர். கழற்றும்போதுதான் வெளிப்பக்கத்துக் கிருமி கையில் ஒட்டும் என்பதால், வரிசை தவறாமல் கழற்றப் பயிற்சியே கொடுப்பார்கள்.

இந்தப் பகுதிக்காரர்களுக்கு இரண்டாவது சொல் புதிதில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். நூல் நிறைந்த பாபினை ஃபிரேமிலிருந்து உருவிவிட்டுக் காலி பாபினைச் செருகுவதற்கு "டாஃபிங்" என்றுதான் சொல்வார்கள். கொரோனா வார்டில் சேர்ந்த ஒரு மாணவி, பயிற்சியில் அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, நீ மில்லுல பண்ணுனதத்தான் இங்க என்னையும் பண்ணச் சொல்றாங்க" என்றாராம்.